மாவடைத்த சன்னல்

"பெரிய ஆராய்ச்சி லா ஒனக்கு! ஒங்கண்ணி பிள்ள ஒதடு பொளந்து பொறந்துச்சுன்னா ஒன்னத்தான் கேப்பேன்!"

பூவம்மா மகளை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

சந்திரமதியின் கையில் மிஞ்சியது பென்சில் மட்டும்தான். விளக்குப் புகையில் கரியேற்றிய கண்ணாடித் துண்டை அம்மா மாடியிலிருந்து வீசியெறிந்துவிட்டாள். சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் அதை மிதித்து நொறுக்குவது கேட்டது.

கிரகணத்தின்போது சூரியனைப் படிப்படியாக வரைந்து கொண்டுவரும் மாணவி ஒருத்தியை, விடுமுறையில் பல்கலைக்கழகத் தொலைநோக்கியில் வேலை பழக அனுப்புவதாக சயின்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார். ஒரே ஓர் இடம்.

கிரகணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

அறையில் கும்மிருட்டு. கிழக்குச் சன்னல் பலகையின் ஓட்டைகளை எல்லாம் பூவம்மா காலையிலேயே கோதுமை மாவு பிசைந்து அடைத்திருந்தாள். மாசமாக இருக்கும் மருமகள் மேல் ஒரு கீற்று வெயில்கூடப் படக் கூடாதாம்.

அந்த மருமகள் சிவகாமசுந்தரி சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

கண்ணாடி விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது அண்ணியாகத்தான் இருக்கும்.

சந்திரமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னால் வளையல் குலுங்கியது. அண்ணி எழுந்து நடந்தாள். மூச்சு வாங்க மறுபடி உட்கார்ந்தாள். கால் மரத்திருக்கும்.

திரும்பியபோது அண்ணியின் வயிற்றின் மேல் ஒரு வெளிச்சப் பொட்டு.

ஒரு பக்கம் கடித்த பிஸ்கட் போலிருந்தது.

சூரியன். அம்மா ஓர் ஓட்டையை விட்டுவிட்டாள்.

அண்ணியின் முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது, கிரகணத்தன்று வெளியே திரிந்தவள் என்று அம்மா ஊரெல்லாம் தூற்றினாள். சந்திரமதி பாய்ந்து உள்ளங்கையால் மறைத்தாள். பிறை அவள் கைமேல் ஏறிக்கொண்டது.

சிவகாமசுந்தரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பலகாரம் சுற்றி வந்த வெள்ளைத் தாள் ஒன்று பாயோரம் கிடந்தது. அதை எடுத்து வயிற்றின் மேல் விரித்தாள்.

"போன தடவ இதே மாதிரி உள்ளயேதான் அடஞ்சு கெடந்தேன். அப்பவும் போச்சு. வரை."

குரலில் துளி கனிவில்லை.

சந்திரமதி வரைந்தாள். பிறை நகர்ந்து நகர்ந்து மெலிந்தது; ஒவ்வொன்றாய் வரைந்தாள். நடுவில் பிள்ளை உதைத்து ஒரு கோடு கோணிப்போனது. அதை அப்படியே விட்டாள்.

பூவம்மா கதவைத் தட்டினாள். மருமகளை அசையாமல் கிடக்கச் சொல்லிக் கத்தினாள்.

"சரிங்க அத்தை," என்றாள் சிவகாமசுந்தரி, வெகு பணிவாக.

அவிழ்ந்திருந்த கூந்தலைச் சுருட்டி முடிந்தாள். மடியில் கிடந்த கொண்டை ஊசியை எடுத்தாள். செருகுவதற்கு முன், அதன் நுனியில் ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்தாள்.