தூக்கிய கைகள்

"ஒரு பேர் வைக்க இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கீங்க. அந்தப் பேரைச் சுமக்கப் போறவங்கள்ல ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

ஆய்வு மாணவி மேசையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பைகள் குதித்தன. குழுவில் அவள்தான் கடைக்குட்டி. பல்கலைக்கழகத்தின் சார்பில் போன மாதம்தான் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே வக்கீல் அவளுக்குக் 'குறுக்கு விசாரணை' என்று பெயர் சூட்டிவிட்டார்.

குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை தயார். காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளை இனி எப்படிக் குறிப்பிடுவது என்பது மட்டும்தான் பாக்கி. இதுவரை எல்லாக் காப்பகத்து வாசலிலும் 'கைவிடப்பட்ட குழந்தைகள்' என்றுதான் பலகை. இன்று பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால் பலகை மாறும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் அதே பலகைதான்.

"கேட்டாச்சும்மா," என்றார் தலைவி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"யாரை மேடம்?"

"கேட்க வேண்டியவங்களை."

"மழுப்பாதீங்க. நான் சொன்ன 'மலரும் மொட்டுகள்' என்ன ஆச்சு?"

"காய்ச்சல்னு ஒரு தடிப்பையன் வர்றான். 'மலரும் மொட்டு, உள்ளே வா'ன்னு நான் எப்படிம்மா கூப்பிடுவேன்?" என்றார் டாக்டர்.

"பூக்கடைன்னு நினைச்சு நாலு பேர் உள்ளே வந்துடுவாங்க," என்றார் கணக்கர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இவர்கள் முடிவு செய்திருந்தது 'இல்லத்தில் வளரும் பிள்ளைகள்'. உப்புச் சப்பில்லாமல் இருந்தது அவளுக்கு. சொகுசாக வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

அதிகாரி வந்தார். உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

அவள் எழுந்தாள். தலைவி கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். இவளா கேட்பாள்?

"சார், இந்த அறையில காப்பகத்துல வளர்ந்தவங்க ஒருத்தர்கூட இல்லை. அவங்களைக் கேட்காம வச்ச பேர் செல்லுமா?"

பேனா மூடிக்கொண்டது.

"நியாயமான கேள்வி. யாருமே இல்லைன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? காப்பகத்துல வளர்ந்தவங்க இருந்தா கையைத் தூக்குங்க, பார்ப்போம்."

வக்கீல் சட்டைப் பொத்தானைத் திருகினார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கணக்கருக்குத் திடீரென்று தண்ணீர் தாகம்.

சட்டென்று தலைவியின் கை மேலே போனது.

அடுத்த நொடி வக்கீல், டாக்டர், கணக்கர், அந்தக் கோடியில் இருந்த ஆசிரியை, அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் என்று, அவளைத் தவிர அத்தனை பேர் கையும் மேலே.

"அடேயப்பா, இத்தனை பேரா!" அதிகாரிக்கு வாயெல்லாம் பல். கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கிளம்பிவிட்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அவள் வெடித்தாள்.

"கூட்டுக் களவாணித்தனம்! மேடம், உங்க அப்பா நீதிபதின்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. கை கூசலையா உங்களுக்கு? தாய் தகப்பன் இல்லாம வளர்ந்தவங்க பட்ட பாட்டையும் திருடிட்டீங்களே! அதிகாரி இன்னும் படி இறங்கியிருக்க மாட்டார். இதோ போய்ச் சொல்றேன்."



தலைவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நான் தூக்கினது பொய்தாம்மா. ஆனா எல்லாக் கையும் பொய்யில்லை. அதுல ரெண்டு கை நிஜம். இந்தப் பேரை வச்சதே அவங்க ரெண்டு பேரும்தான். 'வர்றோம், பேசறோம், ஆனா எங்களை யார்னு ஊருக்குக் காட்டாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டுத்தான் இந்த மேசைக்கு வந்தாங்க."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வக்கீலா? கணக்கரா? டாக்டரா? ஆசிரியையா? எல்லா முகமும் ஒன்றுபோல்தான் இருந்தது.

"எந்த ரெண்டு பேர்னு... தெரியலையே மேடம்."

"அதுக்குத்தாம்மா மத்தவங்களும் தூக்கினோம்."