அக்கா வறுத்த இறால்

"நீயே வறு, அக்கா. ஓங் கையாலயே வறு."

காளை நீட்டிய பொட்டலத்தை ஒச்சம்மாள் பிரித்தாள். திருமங்கலம் சந்தையில் வாங்கிய காய்ந்த இறால். அவள் புருஷனுக்கு அந்த வாடையே பிடிக்காது. அவள் அடுப்பில் அது ஏறியதே இல்லை.

வாசலில் வண்டி பூட்டி நின்றது. காளையின் பெண்டாட்டி சின்னத்தாய் துணிமூட்டையோடு அதில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தம்பி சோற்றில் அவள் மருந்து வைக்கிறாள் என்பது ஒச்சம்மாளின் தீர்ப்பு. அவள் கையால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். அக்கா வீட்டில் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

பருத்தி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனபோது காளை ஒரு கம்பவுண்டரிடம் தடிப்பைக் காட்டினான். மருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த சண்டைக்காலம். அவரிடம் இருந்தது யோசனை மட்டும்தான். சில உடம்புக்குச் சில பண்டம் சேராது, ஒவ்வொன்றாக விட்டுப் பார் என்றார்.

சின்னத்தாய் சமையலில் கத்திரிக்காயை விட்டான். தடித்தது. நிலக்கடலையை விட்டான். தடித்தது. அவனுக்கு உயிர் என்று அவள் ஆசையாக வறுத்துப் போடும் இறாலை விட்டான். அந்த மாதம் முழுக்க ஒரு கொசுக்கடி அளவுகூடத் தடிக்கவில்லை.

சொன்னான். பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றாள் அக்கா.

இப்போது அவள் வறுத்ததில் நாலை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

அடுப்புக் கங்கு அணைவதற்குள் கழுத்தில் அரிப்பு ஏறியது. கைகள் தடித்தன. மேலுதடு பணியாரம்போல உப்பியது. ஒரு கண் மூடிக்கொண்டது.

காளை சிரித்தான். அந்த முகத்தில் அது சிரிப்பு என்று தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

"நீயும் மருந்து வச்சுட்டியாக்கா?"

ஒச்சம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "ஏத்தா சின்னத்தாயி, எறங்கி வா! இவன் செத்துகித்துப் போயிறப் போறான்!"

சின்னத்தாய் குதித்து ஓடிவந்தாள். அவன் நெஞ்சில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். சீராகத்தான் இருந்தது. அதன்பிறகு திட்ட ஆரம்பித்தாள். ஈரத்துணியால் முகத்தை ஒற்றி ஒற்றித் திட்டினாள். கூறுகெட்ட மனுசன் என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி போவதற்கில்லை என்று வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கப் போனான். ஒச்சம்மாள் வேண்டாமென்று கையசைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே வண்டியில் ஏறினாள்.

"எங்க போறீக, மதினி?" முகத்தை ஒற்றியபடியே சின்னத்தாய் கேட்டாள்.

"கீழக்குயில்குடிக்கு. அன்னக்கொடி வீட்டுக்கு."

சின்னத்தாயின் கை அப்படியே நின்றது.

அன்னக்கொடி, காளையின் முதல் பெண்டாட்டி. அவளும் இறால் நன்றாக வறுப்பாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே குற்றத்தைச் சொல்லி, இதே வாசலிலிருந்து அவளை வண்டியேற்றி அனுப்பினார்கள். அன்று காளை ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். சின்னத்தாய் தோள் கொடுத்தாள். வீக்கம் வடியட்டும், நாளைக்குப் போகலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சியோடயே வாரேன்" என்றான் காளை. "அவ பாக்கட்டும்."