முன்னால் போன லாரி

“டேய், பெடல் கீழ போயிட்டுத் திரும்பி வரமாட்டேங்குது.”

அக்காவின் குரலில் பதற்றமே இல்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. அவன் மெக்கானிக். கியர் பாக்ஸில் ஏதோ கரகரப்பு கேட்கிறது, ஒரு நடை கூட வந்து பார் என்று அக்காதான் அவனை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கும்வரை அவன் காது கியர் பாக்ஸிலேயே இருந்தது.

“விட்டு விட்டு மிதிச்சுப் பாரு.”

“மிதிச்சுட்டுத்தான் சொல்றேன். காத்தை மிதிக்கிற மாதிரி இருக்கு.”

அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி முன்சக்கரத்தைப் பார்த்தான். சக்கரத்தின் உள்பக்கம் பளபளவென்று நனைந்திருந்தது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. பழைய லாரி, எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே இணைப்பு. ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தமும் கைவிட்டுவிடும். பின்னால் லாரி நிறையச் செங்கல்.

“பிரேக் இல்லக்கா.”

“இல்லாதது எனக்கே தெரியுது. இருக்கறதைச் சொல்லு.”

“ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு. கியரைக் குறை.”

அவள் இழுத்தாள். கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவுக்குள் அந்த லீவரும் தொளதொளத்துப் போனது. கிளட்சை இரண்டு முறை மிதித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, இரண்டாவது கியரில் தள்ளினாள். எஞ்சின் அலறியது. வேகம் ஏறுவது நின்றது. ஆனால் குறையவும் இல்லை.

அடிவாரத்தில் பாதை நேராகப் பேருந்து நிலையத்துக்குள் போய் முடிகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான் நிற்கும் நேரம். இருவரும் அதை நினைத்தார்கள்.

“பாறையில உரசி நிறுத்திடுக்கா.”

“பாறை உன் பக்கம்டா.”

“பரவால்ல.”

“உனக்குப் பரவால்ல. அம்மாகிட்ட யாரு பதில் சொல்றது?”

அப்போதுதான் வளைவு திரும்பியதும் அந்த லாரி கண்ணில் பட்டது. இவர்களுடையதைப் போலவே கிழடு. நடுப்பாதையில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முன்னால் போனவர் ஒதுங்கவில்லை. ஒதுங்கவும் இடமில்லை, இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம்.

“போச்சு,” என்றான் தம்பி.

மோதல் வந்தது. ஆனால் அவன் பயந்த மாதிரி இல்லை. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொள்வது போல ஒரு ‘டொப்’, அவ்வளவுதான். அக்காவின் பம்பர் முன்லாரியின் பின்புறத்தில் பதிந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு லாரிகளும் ஒன்றாக இறங்கின.

கொஞ்ச தூரத்தில் எஞ்சினின் அலறல் தணிந்தது.

“அக்கா, வேகம் குறையுது.”

“பார்த்தேன்.”

“அவரு நம்மைத் தாங்குறாருக்கா. புரிஞ்சுக்கிட்டாரு. ஹாரனைக் கேட்டே புரிஞ்சுக்கிட்டாரு.”

முன்லாரியின் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது. தம்பி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான். இத்தனை வருஷமாக லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

“சட்டுனு பிடிச்சா நாம அவரு மேல ஏறிடுவோம். விட்டாரோ, மறுபடி வேகம் எடுத்துடுவோம். இழை இழையாப் பிடிக்கிறாரு பாரு. என்ன காலுக்கா அது.”

அக்காவின் கண் கலங்கியிருந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவர் தன் லாரியையும் தன் உயிரையும் இவர்களுக்கு முட்டாகக் கொடுத்துக்கொண்டு, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவில் பாறையோரம் கொஞ்சம் மண் தரை இருந்தது. முன்லாரி மெல்ல அதை நோக்கித் திரும்பியது. இவளும் பிடியை விடாமல் பின்னாலேயே திருப்பினாள். மண்ணில் சக்கரங்கள் அழுந்தின. இரண்டு லாரிகளும் பெருமூச்சு விட்டாற்போல நின்றன.

அந்த நொடியே எதிர்ப்புறமிருந்து ஒரு பஸ், ஆட்கள் தொங்கத் தொங்க, வளைவில் ஏறி வந்து இவர்களை உரசாத குறையாகக் கடந்து போனது.

தம்பி குதித்து இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். அக்காவும் இறங்கினாள். அந்த மனிதரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே நடந்தாள்.

அவரும் இறங்கி எதிரே வந்துகொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. இவள் வாயைத் திறப்பதற்குள் இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? நான் பிரேக்ல காலே வைக்கல. அதுவாப் பிடிச்சுக்கிச்சு, விடவே மாட்டேங்குது. வண்டி நடுரோட்டுல செத்து நிக்கப் போகுது, வளைவுல பஸ்காரன் கண்ணு தெரியாம வந்து ஏறப் போறான்னு நான் தலையில கை வெச்சுட்டேன். ஹாரன் அடிச்சுத் தைரியம் சொல்லி, ஒரு கீறல் விழாம முட்டுக் கொடுத்து, ஓரம் வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தியே, இப்படி ஓட்ட எங்கேம்மா கத்துக்கிட்டே?”