சுற்றறிக்கை நகல் ஒன்று

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் ஒரு பக்கச் சுற்றறிக்கைதான் என்று அவன் அறிவித்தான்.

பேருந்து நிலையத்தின் பின்பக்கம். கட்டணக் கழிப்பறைக்கும் பழக்கடைக்கும் நடுவே. காலை பதினோரு மணி.

நான்கு பெண்கள் அதைக் கேட்டார்கள்.

ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

அவன் சுகாதாரத் திட்டத்தின் களப்பணியாளன். வாரம் இரண்டு முறை வந்து ஆணுறை கொடுப்பான். பதிவேட்டில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்குவான். போலீஸ் ஜீப் தெரிந்ததும் அவர்கள் ஆணுறையைப் புதருக்குள் எறிந்துவிடுவார்கள். பர்சில் அது இருந்தால் கேஸ். வேறு சாட்சி வேண்டியதில்லை.

எறிந்த பிறகும் அன்றைய தொழில் நடக்கத்தான் செய்யும். இல்லாமலே நடக்கும்.

இனி அந்தக் கவலை கிடையாது.

மேலிடத்திலிருந்து தாள் வந்துவிட்டது. விபச்சார வழக்கில் ஆணுறையை ஆதாரமாகக் காட்டக் கூடாது. எண் இருந்தது. தேதி இருந்தது. வட்ட முத்திரையும் இருந்தது. முத்திரை கொஞ்சம் மங்கல்.

அவன் ஐம்பது நகல் எடுத்து வந்திருந்தான். ஆளுக்கொன்று கொடுத்தான்.

"ஜீப்பப் பாத்ததும் தூக்கி எறிஞ்சிட்டு ஓடுறீங்களே. ஓட்டப்பந்தயத்துல சேந்தா மெடலாவது கிடைக்கும். இனிமே எறியாதீங்க. நின்னு, தாள எடுத்துக் காட்டுங்க."

மூன்று பேர் சிரித்தார்கள்.

பூங்காவனம் சிரிக்கவில்லை. நால்வரில் மூத்தவள். ஏற்கெனவே ஒரு கேஸ் பார்த்தவள். இன்னொன்று விழுந்தால் ஆறு மாதம் உள்ளே. வெளியே வரும்போது அவளுடைய வாடகை அறையில் வேறு யாராவது சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

"தம்பி, இத அவங்க படிச்சிட்டாங்களா?"

"படிக்கலன்னா நீங்க படிச்சுக் காட்டுங்கக்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாதே."

"அவங்களுக்குத் தெரியும்ல?"

பேச்சில் ஓட்டை இல்லை. அவள் தாளை நாலாக மடித்துப் பர்சில் வைத்தாள். இரண்டு ஆணுறையும் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது.

மற்ற மூவரும் பழக்கதோஷத்தில் எறிந்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

பூங்காவனம் நின்றாள்.

பழக்கடைக்காரர் போன் செய்ததும் அவன் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். தோளில் பை. பைக்குள் மீதி நகல்கள். தலைமை நீதிபதி உள்ளே வருகிற மாதிரி வந்தான்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள். முகத்தில் லேசாக ஒரு தெம்பு.

எஸ்.ஐ. மேசைமேல் அவளுடைய பர்சைக் கவிழ்த்திருந்தார். ஒரு சீப்பு. பஸ் டிக்கெட். இரண்டு ஆணுறை. நாலாக மடித்த தாள்.

தாளைப் பிரித்து எஸ்.ஐ. படித்தார். முழுவதும் படித்தார். அதைச் சொல்லியாக வேண்டும். கீழே இருந்த 'நகல் பெறுவோர்' பட்டியல் வரைக்கும் ஒரு வரி விடவில்லை.

பிறகு இரண்டு ஆணுறையையும் எடுத்து அவள் பர்சிலேயே போட்டார்.

"இத ஆதாரமா காட்டக் கூடாதாம் ஏட்டய்யா. எழுதாதீங்க."

ஏட்டு எழுதிக்கொண்டிருந்த வரியை அடித்தார்.

அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

எஸ்.ஐ. தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ஆனா இந்தத் தாளக் காட்டக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடல. குடும்பப் பொம்பள எவளாச்சும் இந்தத் தாள பர்சுல வச்சுக்கிட்டுத் திரிவாளா?"

ஏட்டு நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"திரிய மாட்டாங்கய்யா."

"எழுதுங்க."

கைப்பற்றப்பட்ட பொருட்கள். சுற்றறிக்கை நகல் – 1.



எஸ்.ஐ. அவள் பக்கம் திரும்பினார். "யாரு குடுத்தா இத உனக்கு? இவளுகளுக்குச் சட்டம் சொல்லிக் குடுத்து, ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கிறவன் எவன்? அவன்தான் தரகன். அவனையும் சேத்து எழுதணும்."

அவள் ஒரு முறை அவனைப் பார்த்தாள்.

'நான்தான் சார், சுகாதாரத் திட்டம்' என்று சொன்னால் போதும். அடையாள அட்டை கழுத்தில்தான் தொங்கியது. பின்பக்கம் திரும்பிக் கிடந்தது.

அவன் அதை நேராக்கவில்லை.

"உனக்கு என்னப்பா வேணும்?" என்றார் எஸ்.ஐ.

"பர்ஸு தொலஞ்சுபோச்சு சார்."

"எங்க?"

"பஸ்டாண்டுல."

"அங்க போய்த் தேடு. கிடைக்கலன்னா வா."

பூங்காவனம் மறுபடி தரையில் உட்கார்ந்தாள். தெம்பு போன இடம் தெரியவில்லை.

"கீழ கெடந்துச்சு சார்," என்றாள். "மடிச்சு வச்சுக்கிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது."

ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அவன் வெளியே வந்தான். நல்ல வெயில். படியிறங்கும்போது ஜீப் திரும்பி வாசலுக்குள் நுழைந்தது. உள்ளே இரண்டு கான்ஸ்டபிள்கள் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அவனை அவர்கள் கவனிக்கக்கூட இல்லை.

காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். அந்தப் பக்கம் சாக்கடை.

பைக்குள் கையை விட்டான்.

நாற்பத்தாறு தாள் தண்ணீரில் விழுந்தால் பெரிய சத்தமெல்லாம் வருவதில்லை.

ஓடவில்லை. நடக்கத்தான் செய்தான். கொஞ்சம் வேகமாக.