ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இல்லை

"ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது சார். விதின்னா விதிதான்!"

மேலாளர் போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற சத்தியத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

சத்தியம் என்பது கேலிப்பெயர். ஏரிக்கரையில் இருந்த அந்த ரிசார்ட்டில், வருடத்துக்கு ஒரு வாரம் வந்து தங்கும் உரிமையை ஆயுளுக்கும் விற்கிறார்கள். டைம்ஷேர் என்று பெயர். புதியவர்களை இரண்டு நாள் இலவசமாகத் தங்கவைத்து, வயிறு நிறையச் சாப்பாடும் போட்டு, ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசியே வாங்கவைப்பார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் இவனும் ஒருவன். வாய் தவறிக்கூடப் பொய் வராது என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பொய் வராத வாய்க்கு விற்பனை மட்டும் எங்கிருந்து வரும்? சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒன்றுகூட விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் நாளை வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லியாகிவிட்டது. வீட்டில் மனைவி நிறைமாதமாக இருக்கிறாள்.

"வாங்கினவங்க சும்மா ரெண்டு நாள் தங்கிட்டுப் போனா நமக்கென்ன சார் நஷ்டம்?"

"மாட்டின மீனுக்கு எவனாவது மறுபடி புழு போடுவானாய்யா? இன்னொண்ணு, அவங்க ஹாலுக்குள்ள வந்தா சும்மாவா இருப்பாங்க? ஏசி சத்தம் போடுது, கட்டணம் ஏறிடுச்சுன்னு பக்கத்து டேபிள்ல காதுல ஓதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நம்ம பொழப்பு நாறிடும். சரி, ஜன்னலோரம் ஒரு வயசான ஜோடி உட்கார்ந்திருக்கு. நீ போ."

ஜன்னலோரம் இருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். பக்கத்தில் அவர் மனைவி. சத்தியம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, எந்த ரூம்ல இருந்து ஏரி நல்லாத் தெரியும்? ஆயுசு பூரா ரயில் ஓட்டினவன் நான். ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனேன். இவளை மட்டும் ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போகல. இனிமேலாவது வருஷம் ஒரு வாரம் இவ அடுப்பைத் தொடக்கூடாது!"

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சிரித்தார் அந்த அம்மா.

சத்தியத்துக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போயிற்று. இந்த வயதில் மனைவிக்கு ஒன்று வாங்கித் தர இப்படித் துடிக்கிற மனிதரை அவன் கண்டதில்லை.

மாதிரி அறைக்கு அழைத்துப்போனான். பால்கனிக் கதவு அவன் மானத்தை வாங்கியது. இழுத்தான், தள்ளினான், அசையவில்லை. அந்த அம்மா முன்னால் வந்து, கைப்பிடியை லேசாக மேலே தூக்கித் தள்ளினார். திறந்துகொண்டது.

"பார்த்தீங்களா தம்பி? என் பொண்டாட்டி கை பட்டா எதுவும் திறக்கும்!" என்று பெருமையடித்துக்கொண்டே வெளியே வந்தவர், ஏரியைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அடேயப்பா!"

அந்த அம்மா ஏரியைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க தம்பி. இதுல என்ன குறை?" என்று கேட்டார் டிரைவர்.

மற்றவர்களாக இருந்தால் குறையே இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். இவனுக்கு நாக்கு புரண்டால்தானே!

"பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் ஏறும் சார். வேணாம்னு தோணினா திருப்பி விக்கறது கஷ்டம். லிஃப்ட் அடிக்கடி நின்னுடும், அம்மாவுக்கு முட்டி வலி இருந்தா கீழ்த்தளமாக் கேட்டு வாங்குங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வழக்கமாக இந்த இடத்தில்தான் மனைவிமார்கள் கணவனின் தொடையைக் கிள்ளி எழுப்பிக்கொண்டு போவார்கள். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டான்.

"உண்மையைச் சொல்ற பையன்," என்றார் டிரைவர் மனைவியிடம். "எந்த இடத்துல கையெழுத்துப் போடணும் தம்பி?"

போட்டுவிட்டு, காகிதத்தை மனைவியின் கையில் வைத்தார். "இந்தா, உனக்குத்தான். லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதே."

"எனக்கா?" என்று கேட்ட அந்த அம்மாவின் முகம் அப்படியே பூத்துவிட்டது. இப்படி ஒரு ஜோடியா என்று சத்தியம் மனசுக்குள் கும்பிட்டான்.

அவர்களுக்கு டீ சொல்லிவிட்டு, காகிதத்தோடு மேலாளர் அறைக்கு ஓடினான். அவர் அதை வாங்கினார், படிக்காமலே இரண்டாகக் கிழித்தார்.

"சார்!"

"பதறாதே. உன் வேலை எங்கயும் போகல, நாளைக்கு வந்துடு. அவங்ககிட்ட பொய் பேசற எவனையும் நான் அனுப்பறதில்ல. இந்த வருஷம் உன்னை விட்டா ஆள் யாரு இருக்கா?"

"அப்புறம் ஏன் சார் கிழிச்சீங்க?"

கதவருகே அந்த அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். முதலாளிக்கே அரைகுறையாக எழுந்திருக்கும் மேலாளர் சட்டென்று முழுசாக எழுந்து நின்றார்.

"இந்தத் தடவையும் விதியைப் பாக்காம எங்களை உள்ள விட்டீங்க சார், ரொம்ப நன்றி," என்றவர் சத்தியத்தின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்க தம்பி. இதை நாங்க வாங்கி ஒன்பது வருஷம் ஆகுது. அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் போக ஆரம்பிச்சுது. வாங்கினது மறந்துபோச்சு, வந்து தங்கினது மறந்துபோச்சு. என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகலைங்கறது மட்டும் மறக்கவே மாட்டேங்குது. அதனாலதான் வருஷா வருஷம் எனக்குப் புதுசா வாங்கிக் கொடுக்கறார்."