மூன்று அங்குல ஸ்க்ரூ

அடுத்த உதையில் கட்டில் ஒரு சாண் நகர்ந்தது.

லவினா முதுகைக் கட்டிலுக்குக் கொடுத்து, காலை எதிர்ச்சுவரில் ஊன்றி, அதை மறுபடி கதவோடு சேர்த்துத் தள்ளினாள். கிழிந்த உதட்டிலிருந்து நைட்டியில் ரத்தம் சொட்டியது.

வெளியே உதைப்பது ஜெயகரன். கட்டிய புருஷன். பால்காரரிடம் அவள் சிரித்துப் பேசிவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர் மைன்ஸ் லைனில் இருந்த அத்தனை பேரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். தட்டியின் மேல் சுண்ணாம்பு பூசிய, தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்து வரிசை வீடுகள் அவை. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். அதனால் அவன் நாள் பார்த்துத்தான் அடிப்பான். அந்த அறிவுக்கெல்லாம் குறைச்சலே இல்லை.

அண்ணன் கிளமெண்ட்டுக்குப் போன் போட்டாயிற்று. பங்காருப்பேட்டையிலிருந்து பைக்கில் அவன் வந்து சேரும்வரை இந்தக் கதவு தாங்க வேண்டும். தாங்காவிட்டால் தங்கச்சியை உயிரோடு பார்க்க மாட்டான்.

போன தடவை தாங்கவில்லை. தாழ்ப்பாள் போய் மாட்டும் கொண்டியைச் சுவரில் பதித்திருந்தார்கள். ஒரே உதையில் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. அன்றைக்கு உடைந்த கடைவாய்ப் பல் பக்கம் இன்னும் சோறு மெல்ல முடியவில்லை.

மறுநாளே புதுக் கொண்டி ஒன்றும் நீள ஸ்க்ரூக்களும் ஸ்க்ரூ டிரைவரும் வாங்கி மெத்தைக்கடியில் ஒளித்தாள். தாழ்ப்பாளின் ஸ்க்ரூக்களை அவன் இல்லாதபோது ஒவ்வொன்றாக மாற்றியும் வைத்தாள். ஸ்க்ரூ மாறியது அவன் கண்ணில் படாது. புதுக் கொண்டி பட்டுவிடும். அதற்கும் அடிப்பான்.

ஆகவே அதை இப்போதுதான் போட வேண்டியிருந்தது, கட்டில் மேல் மண்டியிட்டுக்கொண்டு.

தலையணையில் சாய்த்து வைத்த போனில் வீடியோ ஓடியது. ஆளின் முகம் தெரியவில்லை, வேலை செய்யும் கைகள் மட்டும்தான். குரலில் அத்தனை கனிவு.

"நம்ப லைன் வீட்டுச் சுவர நம்பாதீங்க, சிஸ்டர். கொண்டிய நிலைக் கட்டையில ஏத்துங்க, மூணு இன்ச் ஸ்க்ரூ போட்டு. டிரில் இல்லியா? ஆணிய அடிச்சிப் புடுங்குங்க, ஓட்ட ரெடி."

சுத்தியலுக்கு எங்கே போவது? இஸ்திரிப் பெட்டியால் அடித்தாள். இரண்டாவது அடி கட்டை விரலில் விழுந்தது. கத்தவில்லை. கத்தினால் அவனுக்குக் கொண்டாட்டம்.

"ஸ்க்ரூவுல கொஞ்சம் சோப்பு தேச்சிக்கினா, சொன்ன பேச்சு கேக்கும்."

தேய்த்தாள். கேட்டது. முதல் ஸ்க்ரூ கட்டைக்குள் முழுதாக இறங்கியபோது லவினாவுக்கு அழுகை வந்தது.

வெளியே உதை நின்று, காது வைத்துக் கேட்பது போல ஓர் அமைதி.

"உள்ள எவன்டி பேசறான்? எவன்டி அவன்?"

அதற்குப் பிறகு வந்தது உதையே இல்லை. முழு உடம்போடு வந்து விழுந்தான். கட்டில் விலகியது, கதவு இடுக்கு விட்டது, உள்ளே பாய்ந்த கை அவள் தலைமுடியைப் பிடித்து நிலையில் மோதியது. கண் இருட்டியது. இன்னொரு முறை மோதியது. மூன்றாம் முறைக்குள் ஸ்க்ரூ டிரைவரை அந்தப் புறங்கையில் அவள் இறக்கிவிட்டாள்.

அலறிக்கொண்டு கையை உருவினான்.

கட்டிலைத் தள்ளினாள். கதவு பொருந்தியது. கடைசி ஸ்க்ரூவையும் திருகி முடித்து, தாழ்ப்பாளை இழுத்துக் கொண்டியில் மாட்டினாள்.

உதை விழுந்தது. கதவு அதிர்ந்தது, அவ்வளவுதான். இன்னொன்று. கொண்டி இம்மி அசையவில்லை.

"சொல்லுடி! உள்ள இருக்கறவன் யார்ரி? அவன வெட்டாம போகமாட்டேன்!"

லவினா தலையணையிலிருந்து போனை எடுத்தாள். சத்தத்தை முழுதாக ஏற்றி, கதவிடுக்கில் பிடித்தாள்.

"இப்படிப் போட்டுட்டா எவன் ஒதச்சாலும் பேராது, சிஸ்டர். வீட்ல பொம்பளைங்க நிம்மதியா தூங்கலாம். அடுத்த ரிப்பேர்ல பாக்கலாம். மைசூர் மைன்ஸ்ல இருந்து, உங்க ஜெயகரன்."

வெளியே உதை நின்றுவிட்டது.

அந்தக் கதவு இனிப் பெயராது என்பது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.