மூணாம் மாடிச் சண்டை

"எனக்கு மூணாம் மாடிதான் வேணும். இல்லீன்னா ஒரு ஓட்டைக்கூடப் பிரிக்க உடமாட்டேன்!"

வீராயி போட்ட சத்தத்தில், ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட டம்ளரோடு வந்துவிட்டார்கள்.

எட்டு ஓட்டு வீடுகள் இருந்த பழைய லைனை இடித்துவிட்டு, மூன்று மாடிக் கட்டடம் வரப்போகிறது. குடியிருந்த எட்டுக் குடும்பத்துக்கும் அதிலேயே ஆளுக்கொரு வீடு. மீதி வீடுகள் கட்டுகிறவருக்கு. யாருக்கு எந்த வீடு என்று சேலத்திலிருந்து மலையேறி வந்த என்ஜினீயர் அப்போதுதான் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தார்.

வீராயிக்கு விழுந்தது கீழ்வீடு. அதுவும் ரோட்டைப் பார்த்தது. வாசலில் இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

மூணாம் மாடி, பக்கத்து வீட்டு ஆரோக்கியதாசுக்கு. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயரானவர். மனைவி இல்லை. மகள் பெங்களூரில். காய்ச்சலில் கிடந்தபோது வீராயி கொடுத்தனுப்பிய கஞ்சிக்கு, மறுநாளே அதே தூக்குப்போசியில் அரிசி போட்டுத் திருப்பி அனுப்பினவர்.

"ஒத்தை ஆளு. அவருக்கு எதுக்குங்க உச்சி மாடி? எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. ஏரியைப் பார்த்துக்கிட்டுக் காத்தாட உக்காருவேன்."

என்ஜினீயர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த வீட்டிலேர்ந்து ஏரி தெரியாதும்மா. எதிர் லாட்ஜோட சுவருதான் தெரியும்."

"அந்தச் சுவத்தையே பார்த்துக்கறேன், போங்க!"

கூட்டம் சிரித்தது.

"லிஃப்ட் கிடையாது. இட்லிக் குண்டானைத் தூக்கிக்கிட்டு ஏறி இறங்கணும்."

"காப்பி மூட்டை தூக்கினவளுங்க நானு!"

புருஷன் சின்னத்தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். "ஏம்புள்ள, கிடைச்சது நல்ல இடம். கம்முனு வா."

"நீங்க சும்மா இருங்க."

"சீசனுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு உடப் போறா. வேறென்ன?" என்றாள் லைனின் கடைசி வீட்டு சாந்தாமேரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆரோக்கியதாஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எனக்கு விழுந்த சீட்டு. யாருக்கும் தர்றதா இல்லை."

"தராட்டிப் போங்க. என் அடுப்புப் புகையெல்லாம் மேலதான் வரும், பார்த்துக்கங்க ரைட்டரய்யா!"

எட்டுப் பேரும் கையெழுத்துப் போடாமல் வேலை ஆரம்பிக்காது என்று சொல்லிவிட்டு என்ஜினீயர் பஸ் ஏறிவிட்டார்.

ஒரு வாரம் சண்டை ஓயவில்லை. குழாயடியில் சண்டை. ரேஷன் கடை வரிசையில் சண்டை. ஆரோக்கியதாஸ் துணி காயப்போட வந்தால் அங்கேயும், "சீமானுக்கு மாடி கேக்குது!" என்று ஆரம்பித்துவிடுவாள்.

லைனில் இருந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆரோக்கியதாசிடமே போனார்கள். "அந்த அடங்காப்பிடாரி கிட்ட நியாயம் பேச முடியாதுங்க. நீங்கதான் படிச்சவங்க. உட்டுக் குடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ஜினீயர் மறுபடி வந்தார். ஆரோக்கியதாஸ் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நடுவில் நின்றார்.

"அடுத்தவங்க ஆசைக்குக் குறுக்க நின்னு பழக்கமில்லை எனக்கு. அந்தம்மாவே மேல போய் இருக்கட்டும். நான் கீழ்வீட்டுலயே கிடந்துக்கறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்ஜினீயர் எழுந்து கும்பிட்டார். "உங்களை மாதிரி ஊருக்கு நாலு பேர் இருந்தாப் போதும் சார்" என்றார். சாந்தாமேரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வீராயி கைநாட்டு வைத்தாள். ஒரு நன்றி சொல்லவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே வந்த சின்னத்தம்பி பொரிந்தான்.

"ஊரே காறித் துப்புது! ரோட்டோரம் கிடைச்ச ஊட்டை உட்டுப்போட்டு, லாட்ஜு சுவத்தைப் பார்க்கவா இத்தனை ரகளை? நாளைக்குக் கடையை எங்கடி போடுவே?"

வீராயி அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெல்லப் பேசுங்க. ரைட்டரய்யா காதுல உளுந்துரப் போவுது."

"உளுந்தா என்ன?"

"போன மாசம் சர்ச்சுக்குப் போற மேட்டுல, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கல்லுமேல உக்காந்திருந்தாருங்க. மூஞ்சியெல்லாம் நொம்ப வேர்வை. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, 'குருவி பார்த்துக்கிட்டிருந்தேன்'னாரு. நாலு படி ஏற முடியாத மனுசன், மூணு மாடி எப்படிங்க ஏறுவாரு?"

சின்னத்தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "அதைச் சொல்லியே நம்ம ஊட்டை அவருக்குக் குடுத்திருக்கலாமில்ல புள்ள?"

"பாவமேன்னு குடுத்தா அவரு வாங்குவாருங்களா? அதான் அவரே உட்டுக் குடுக்கற மாதிரிப் புடுங்கிக்கிட்டேன்."